காட்டிடையே கண்டதும் செய்ததும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற வைகாசி மாதக் கடைசியில் எமது சங்கத்து வாலிபர் 14 பேர் ஒரு வானிலே புறப்பட்டு, கிழக்கிலுள்ள காடுகளையும் சரணாலயங்களையும் பார்த்துக்கொண்டு கதிர்காமம் வரை சென்று நான்காம் நாள் திரும்பினோம். அப்பிரயாணத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது, "யானை கண்டீர்கள், பறவை கண்டீர்கள், அவற்றைச் சுவையாகச் சொன்னாற் போதும்" என்றார்கள். யானையும் பறவையும் கண்டது மெய்தான். ஆயினும், கண்டவற்றை மாத்திரம் சொல்லி, செய்ததை மறைத்துவிட்டால் இந்தப் பேச்சு பாதிப் பொய்யாகிவிடும். ஆகையால் செய்ததையும் அதற்குரிய இடம் வரும்போது சொல்லுவோம். அது எமக்குப் பெருமை தருவதன்று.

எம்முடன் ஒரு பெத்தாவும் வந்தார். எம்முள் ஒருவரின் தாயைப் பெற்றவர். வயது 76. உகந்தையிலிருந்து காட்டு வழியே கதிர்காமத்துக்கு 11 முறை கால்நடையாய்ச் சென்றவர். இப்பொழுது முழங்கால் இடங்கொடுப்பதில்லை. "வானில எண்டாலும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்க மனே" என்று பேரனிடம் கேட்டாராம். வாலிபர் பிரயாணத்திலே கிழவிக்கு என்ன வேலையென்று முகஞ் சுளித்தவர்களும் எம்மில் இருந்தார்கள். பாட்டுப் போடமுடியாதே என்பது அவர்கள் கவலை. இரண்டாம் நாள் அவர்களே பெத்தாவின் பக்கத்து ஆசனத்துக்குப் போட்டியிட்டார்கள்.

முதல் நாள் இங்கினியாகலைக்குப் போனோம். பட்டிப்பளை ஆற்றை மறித்து, 1949ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் கீழ் உண்டான சேனநாயக்க சமுத்திரம் அங்கேதான் இருக்கிறது. சமுத்திரம் என்ற பேர் தகும். கரையில் நின்றால் அக்கரை தெரியவில்லை, மலைகள்தாம் தெரிந்தன. அந்நீர்ப்பரப்பைச் சுற்றியுள்ள காட்டில் ஏறக்குறைய 25,900 ஹெக்டயர் 1954இல் தேசிய வனமாக்கப்பட்டது. மிருகங்களைக் காப்பது மட்டுமன்று அதன் நோக்கம். மரங்களை வெட்டினால் மழையோடு மண் கரைந்து வந்து குளத்தைத் தூர்த்துவிடும். குளம் தூர்ந்தால் கீழேயுள்ள வயல்கள் காயும். அம்பாறைப் பக்கத்து நெல்லை உண்கிற நாமெல்லாரும் அந்தக் காட்டின் தயவில் உண்கிறோம் என்பதை அன்றுதான் அறிந்தோம். நீர் ஏறியபோது அவ்விடத்தில் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வள்ளிநாயகியின் குலத்தவரென்று நாம் திருவிழாவிற் கொண்டாடுபவர்கள் அவர்கள். திருவிழா முடிந்த பின் அவர்களை நினைப்பவர் எத்தனை பேர்?

பொழுது சாயும் வேளையிலே படகிற் சென்றோம். தூரத்தில் மரக்கட்டைகள் இரண்டு மூன்று மிதப்பதுபோல் இருந்தது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். கட்டையென்று எண்ணியவை யானைகள். தும்பிக்கை நுனியும் நெற்றி மேடும் மாத்திரம் நீருக்கு மேலே தெரிய, ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு நீந்திப் போயின. கரையேறியபோது உடம்பெல்லாம் கறுத்து மின்னியது. சிறியது ஒன்று கரையில் வழுக்கி, மறுபடி நீரில் விழுந்து, தாயின் பின்னங்காலைப் பற்றுவதுபோல நெருங்கி ஏறிற்று. படகில் ஒருவரும் பேசவில்லை. பெத்தா மட்டும் இரு கையையும் கூப்பி, தமக்குள்ளே ஏதோ சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் லாகுகல. சியம்பலாண்டுவையிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் றோட்டோரத்திலே உள்ளது. மொத்தம் 1,554 ஹெக்டயர். நாட்டின் மிகச் சிறிய தேசிய வனங்களுள் ஒன்று. 1980இல் அந்நிலைக்கு உயர்த்தப்பட்டது. அங்கேயுள்ள குளத்தில், சிங்களத்திலே 'பெரு' என்று சொல்லப்படும் ஒருவகை நீர்ப்புல் அடர்ந்து வளர்கிறது. வெளியே கோடையில் எல்லாம் கருகும்போது குளத்துக்குள் அப்புல் பச்சையாய் நிற்பதால், ஆடி ஆவணி மாதங்களிற் பல திசையிலிருந்தும் யானைகள் வந்து கூடுமாம். நாம் போனது சற்று முந்தி. 7 யானைகளே நின்றன. அவை புல்லைக் காலால் உதைத்துப் பிடுங்கி, தும்பிக்கையாற் சுழற்றி, வேரின் சேற்றை நீரில் அலசிய பின்பே வாயில் இடுவதை அரைமணி நேரம் பார்த்தோம். கீரையைக் கழுவாமற் கறிக்கு நறுக்குகிற சில விடுதிகளின் சமையற்காரர்கள் அங்கே போய் ஒருமுறை பார்த்து வந்தால் நன்று.

பொத்துவிலிலிருந்து தெற்கே பாணமை; பாணமைக்கு அப்பாலே உகந்தை. பாணமையிலே தமிழரும் சிங்களவரும் தலைமுறை தலைமுறையாய்க் கொண்டும் கொடுத்தும் வாழ்கிறார்கள். மறுநாள் கூமுனைக்குள் எம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டி அவ்வூர்ச் சிங்கள வாலிபர். எம்மோடு சரளமாய்த் தமிழ் பேசினார். "எங்கட அம்மம்மா தமிழ் ஆள்தானே" என்று சிரித்தார்.

உகந்தையில் மாலைப் பூசைக்குச் சென்றோம். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய கரை அது என்பது ஐதீகம். கடலோரக் குன்றின் அடியில் முருகன், மேலே வள்ளியம்மை, பாறைகளிடையே சுனைகள். பூசை முடிந்து மடத்தில் இருந்தபோது, கால்நடை யாத்திரையைப் பற்றிப் பெத்தாவிடம் கேட்டோம். கூமுனை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று ஒவ்வொரு தங்குமிடத்தையும் தம் வீட்டு அறைகளைச் சொல்வதுபோலச் சொன்னார். நாலைந்து நாள் நடை. கூட நடப்பவர் எவராயினும் 'சாமி'. பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரிசி, பருப்பு, கருவாடு இல்லாத கட்டுச்சோறு, ஒரு செம்பு, ஒரு பன்பாய். காட்டுக்குள்ளே யானை என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை.

"அப்ப யானை வந்தா என்னண்டு சொல்லுவீங்க பெத்தா?"

"பெரியசாமி எண்டு சொல்லுவம். வழியில நிண்டா நாமளும் நிப்பம். 'சாமி, உன்ர பிள்ளையள் போறம், வழி விடு' எண்டு கேட்பம். அவர் போன பிறகு போவம். சில நேரம் ஒரு மணித்தியாலம் நிண்டிருக்கிறம் மனே."

எம்மவர் ஒருவர் இதைக் கேட்டுக் கெக்கலித்துச் சிரித்தார். மறுநாள் கூமுனை வாசலில் வனஜீவராசிகள் திணைக்களத்தார் தந்த அறிவுரையும் ஏறக்குறைய அதுவே. வாகனத்தை நிறுத்துக, இறங்காதே, சத்தமிடாதே, எதையும் கொடாதே, யானை விலகிய பின் செல்க. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்திருக்கிறது என்று எமக்குத் தோன்றிற்று.

கூமுனை 1938இல் பறவைச் சரணாலயமாயிற்று. 1970இல் யாலை கிழக்கு என்ற பேரில் தேசிய வனமாயிற்று. யுத்தத்தினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது; 2006இல் கூமுனை என்ற பேரே மறுபடி சூட்டப்பட்டது. கும்புக்கன் ஆற்றின் கழிமுகத்திலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றினால் நீர் பெறும் ஏறக்குறைய 200 ஹெக்டயர் சதுப்பு வாவிதான் அதன் உயிர்நிலை. வைகாசி ஆனியில் அங்கே பறவைகள் கூடுகட்டும். மரமொன்றுக்கு இருபது முப்பது கூடு. கொக்குகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் ஓசை சந்தை இரைச்சல் போலிருந்தது. வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறோம்.

அங்கே ஒரு வெட்கம் நேர்ந்தது. தட்டையான நீண்ட அலகினால் நீரை இடமும் வலமும் துழாவி நின்ற வெள்ளைப் பறவை ஒன்றைக் காட்டி, அதற்குத் தமிழில் என்ன பேரென்று வழிகாட்டி கேட்டார். சிங்களப் பேர் அவருக்குத் தெரியும். தம் அம்மம்மா சொன்ன தமிழ்ப் பேர் மறந்துவிட்டதாம். நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். ஆங்கில வாசக புத்தகத்து நைட்டிங்கேலும் ரொபினும் ஸ்கைலார்க்கும் எமக்குத் தெரியும். அவற்றில் எதையும் கண்ணாற் கண்டதில்லை. கண்முன் நின்ற பறவைக்குப் பேர் தெரியாமல் விழித்தோம். பின்னாசனத்திலிருந்து பெத்தா, "கரண்டிவாயன்" என்றார். நத்தைகுத்தி, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் என்று தொடர்ந்து அவர் சொல்லச் சொல்ல வழிகாட்டி தம் கொப்பியில் எழுதிக்கொண்டார். நாமும் எழுதிக்கொண்டோம்.

குமுக்கன் ஆற்றங்கரையில் மருத மர நிழலில் இறங்க அனுமதி கிடைத்தது. கதிர்காம யாத்திரிகர் ஆற்றைக் கடந்து யாலைக் காட்டுக்குள் நுழையும் இடம் அது. காட்டுப் பாதை வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு கிழமைக்கே திறக்கப்படும். இக்காலத்தில் அந்தச் சில நாட்களுள் பல்லாயிரம் பேர் அவ்வழியே நடக்கிறார்கள். பெத்தாவின் காலத்திலே நூற்றுக்கணக்கானவர்கள்தாமாம். வழிகாட்டி மணலைக் காலாற் கிளறினார். பிஸ்கற் உறை, யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல் மூடி, வேட்டித் துண்டு, மறுபடி பிஸ்கற் உறை. யாத்திரை முடிந்ததும் திணைக்களத்தாரும் தொண்டர்களும் சாக்குச் சாக்காய் அள்ளுவார்களாம். அள்ளியும் மிஞ்சியவை இவை. செத்த மானின் வயிற்றிலே பொலித்தீன் உருண்டையைத் தாம் கண்டதாகச் சொன்னார். குற்றஞ் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. அதனால் இன்னும் சுட்டது. "முருகன் பார்த்துக்கொள்ளுவார் எண்டு போடுறாங்க போல" என்று எம்மில் ஒருவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இனி, சொல்லுவோம் என்று சொன்ன இடத்துக்கு வருகிறோம்.

உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு வாகனப் பாதை நேரே கிடையாது. பொத்துவிலுக்குத் திரும்பி, சியம்பலாண்டுவை, மொனராகலை, புத்தளை என்று பெரிய வளையமாய்ச் சுற்றவேண்டும். புத்தளையிலிருந்து கதிர்காமம் செல்லும் றோட்டு யாலைக் காட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. யாலைக்குள் நாம் போகவில்லை. ஜீப் வாடகையைக் கேட்டதும் தனாதிகாரி பணப்பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டார். மாலை 5 மணியளவில் அந்த றோட்டிலே போய்க்கொண்டிருந்தோம். முன்னே 3 வாகனங்கள் நின்றன. றோட்டின் நடுவே ஓர் ஆண் யானை. இலங்கை ஆண் யானைகளுட் பெரும்பாலானவற்றைப் போல அதற்கும் தந்தமில்லை. ஒவ்வொரு வாகனமாய் வந்து தும்பிக்கையை உள்ளே நீட்டிற்று. பழமோ பாணோ கிடைத்தால் அடுத்ததுக்குப் போயிற்று. ஆயக்காரனைப் போல நிதானமாய் வாங்கிக்கொண்டு வந்தது.

உணவு கொடுக்க வேண்டாமென்ற அறிவிப்புப் பலகையைச் சற்று முன்னரே கடந்திருந்தோம். அதை எல்லாரும் வாசித்திருந்தோம். ஆயின் எம்மிடம் உகந்தையில் வைத்துப் படைத்த வாழைப்பழம் இருந்தது. யானையோ பிள்ளையாரின் வடிவம். பெத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளையாரப்பா! குடுங்க மனே, குடுங்க" என்றார். குடுத்தோம். கை ஒருவருடையது, மனம் எல்லாருடையது. ஒவ்வொரு பழமாய்க் கொடுக்கவே எண்ணினோம். தும்பிக்கை உள்ளே வந்து, சீப்பு இருந்த பொலித்தீன் பையை அப்படியே பற்றி இழுத்தது. பையும் பழமுமாய் வாய்க்குள் போய்விட்டது. மென்றது. விழுங்கியது. பின்னால் நின்ற வாகனத்தார் கைதட்டினார்கள். எம்மில் மூவர் கைத்தொலைபேசியிற் படம் பிடித்திருந்தார்கள்.

வான் நகர்ந்த பிறகு நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பெத்தா கேட்டார்: "பையையும் திண்டுட்டாரோ?"

"ஓம் பெத்தா."

மாணிக்க கங்கையில் முழுகி, சந்நிதியிலே கும்பிட்டு, மடத்துக்கு வந்த பின்பே பெத்தா அடுத்த வார்த்தை பேசினார். "11 தரம் நடந்தன் மனே. ஒரு நாளும் ஒண்டுக்கும் ஒண்டும் குடுத்ததில்ல. அவர்ர வீட்டுக்குள்ளால நாம போறம். வீட்டுக்காரருக்கு நாம என்ன குடுக்கிற? வழி கேட்கிறதுதான் நம்மட வேல. வானுக்குள்ள இருந்தன்தானே, அதான் மறந்து போச்சு."

இதற்குப் பின் நாம் விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோ தீன் தின்னும். எமது ஒரு சீப்பு வாழைப்பழம் அதன் பசிக்கு எம்மாத்திரம்? பசிக்காக அன்று, இனிப்பின் ருசிக்காகவே அது றோட்டில் நிற்கிறது. இன்று பழம் கிடைத்த இடத்தில் நாளை கிடைக்காவிட்டால் கதவை நெரிக்கும். அவ்வழியில் வாகனங்களை யானை தாக்கிய சம்பவங்கள் உண்டு. அப்போது அதற்குப் 'போக்கிரி யானை' என்று பேர் வைக்கிறோம். அதைப் பழக்கியவன் அன்று தப்பிப்போயிருப்பான். அகப்படுபவன் அடுத்த நாள் சைக்கிளில் வரும் தோட்டக்காரன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைக் காட்டு யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தார்கள். துப்பாக்கி, மின்சாரம், வெடி வைத்த தீன் என்று யானையின் சாவுக்குப் பல வழி. பொலித்தீனும் அவற்றில் ஒன்று. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே குப்பைமேட்டை மேய்ந்து, எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் வரையில் இறந்ததாக 2022 தை மாதத்திற் செய்தி வந்தது. அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் அவற்றின் குடலிற் கண்டவை உணவுப் பொதி உறைகளும் பொலித்தீனும். நாம் திரும்பிய வழி அவ்விடத்துக்கு அதிக தூரமன்று. இறங்கிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். மற்றவர்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு பையால் ஒரு யானை செத்துவிடுமா என்று கேட்கலாம். அந்த யானை இன்று எங்கே, எப்படி இருக்கிறதென்று எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியுமில்லை. அன்று அந்த றோட்டிலே எமக்கு முன்னும் பின்னும் எத்தனை வாகனங்கள் நின்றன என்பது மட்டும் தெரியும்.

அன்னமிடுதல் புண்ணியமன்றோ, ஜீவகாருண்யமன்றோ என்று பெரியோர் கேட்பீர்களாயின், அதற்கு மறுமொழி சொல்ல எமக்கு வயது போதாது. பெத்தாவின் மறுமொழியைச் சொல்லிவிட்டோம். இளைஞர்களாகிய எம்மவர்க்கு அந்தச் சாக்குமில்லை. பெத்தா கையெடுத்துக் கும்பிட்டார். நாம் படம் பிடித்தோம். அப்படத்தை அழித்துவிடலாமென்று மூவரில் ஒருவர் சொன்னார். வேண்டாமென்று தடுத்தோம். இக்கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புவோர்க்குக் காட்டப்படும். பை வாய்க்குள் போவது தெளிவாய்த் தெரிகிறது.

வருகிற ஆடி மாதத்தில் எமது சங்கத்திலிருந்து 20 பேர் உகந்தை வழியே கால்நடையாய்க் கதிர்காமம் செல்ல உத்தேசித்திருக்கிறோம். நிர்வாகசபை இதற்கு அனுமதி தரவேண்டும். லஞ்ச் சீற் இல்லை, போத்தல் தண்ணீர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தட்டும் ஒரு செம்பும் கொண்டுவருதல் வேண்டும். ஐவருக்கு ஒரு சாக்கு. நம்முடையதையும் வழியிற் கிடப்பதையும் அதிலே சேர்த்துக் கதிர்காமம் வரை சுமந்து செல்வது. சாக்கு நிறைந்தால் என்ன செய்வதென்று ஒருவர் கேட்டார்; இரண்டு சாக்கு எடுத்துப் போகலாம். பெத்தா தம் பித்தளைச் செம்பைத் துலக்கிப் பேரனிடம் கொடுத்திருக்கிறார். இதுவரை 9 பேர் பேர் தந்திருக்கிறார்கள். மற்றையோர் இன்று கலைந்து போகுமுன் காரியதரிசியைக் காணவும்.